மூடியில் மூளைப் படம், உள்ளே நல்ல கோக்கோ

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் ஊரில் பாதிப் பேரின் நம்பர் எனக்கு மனப்பாடம். போன மாதம் ஒரு விசேஷத்தில் கொழுந்தன் மகள் எதிரே வந்து நிற்கிறாள், பெயர் வாயில் வரவில்லை. அந்தக் கடுப்பில் வாங்கியதுதான் இந்த டப்பா. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக விளைந்த கோக்கோவாம். 200 கிராம், 340 ரூபாய். மூடியில் மூளைப் படம், கீழே 'நரம்புச் செல்களை வளர்க்கும் ஃபிளேவனாய்டு'.

பொடி அருமை. வெளிர் செம்மண் நிறம், கசப்போடு லேசான புளிப்பு. பேக்கரிக் கேக்கில் போடும் கறுத்த கோக்கோ காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா மாதிரி புளிப்பை முறிக்கும் பொருள்) சேர்த்துப் பக்குவப்படுத்தியது. கசப்பு குறையும், கூடவே மூடியில் சொன்ன ஃபிளேவனாய்டில் ஒரு வகையான 'ஃபிளேவனால்' என்ற சத்தும் பெருமளவு போய்விடும். 2008-இல் வந்த ஓர் ஆய்வில், காரம் சேர்க்காத பொடியில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம், நன்றாகக் காரம் ஏற்றியதில் வெறும் 3.9. வெதுவெதுப்பான நீரில் இதைக் கரைத்து ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டேன், நுரைத்தது. வீட்டில் இருந்த கேக் கோக்கோ சும்மா கிடந்தது. புளிப்பு இருந்தால்தானே சோடா பொங்கும்!

கோபமெல்லாம் மூடிமேல்தான். எத்தனை மில்லிகிராம் என்று எங்குமே போடவில்லை. டப்பாவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டால், "நேச்சுரலுங்கம்மா, நெறைய இருக்குங்க" என்கிறான் ஒரு பையன்.

நரம்பு வளர்ச்சி என்பது முழுப் பொய் இல்லை. கோக்கோவில் இருக்கும் எபிகேட்டச்சின் என்ற ஒரு ஃபிளேவனாலை எலிகளுக்குக் கொடுத்து 2007-இல் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் ரத்தக் குழாய்களும், நரம்புக் கிளைகளில் செய்தி வாங்கும் நுண்முட்களும் கூடின, ஓடவிட்ட எலிகளுக்கு இன்னும் நன்றாக. ஃபிளேவனாய்டுகள் செல்லுக்குள் தகவல் கடத்தும் பாதையைத் தூண்டி, பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கூட்டலாம் என்பது கணிப்பு. எங்கள் பாஷையில், லைன் கனெக்‌ஷன் கொடுக்கிற வேலை. ஆனால் குடலும் கல்லீரலும் ஃபிளேவனாய்டை உருமாற்றிய பிறகு மூளைக்குப் போய்ச் சேர்வது சொற்பம்.

மனிதர்களிடம்? அமெரிக்காவின் காஸ்மாஸ் ஆய்வில் தினம் 500 மில்லிகிராம் ஃபிளேவனால், பொடியாக இல்லை, மாத்திரையாக. 2023-இல் வெளிவந்த பகுதியில் 3,562 முதியவர்கள், மூன்று வருஷம். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஏற்கெனவே ஃபிளேவனால் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குத்தான் நினைவு கொஞ்சம் தேறியது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் கோக்கோவால் பலனே இல்லை. தினம் மூன்று வேளை டீ குடிக்கிற எனக்கு அந்தக் குறையும் இருக்காது, டீயிலும் ஃபிளேவனால் உண்டே.

அந்த 2008 ஆய்வின் சராசரிக் கணக்குப்படி, 500 மில்லிகிராமுக்கு இந்தப் பொடி சுமார் 15 கிராம் வேண்டும். பதின்மூன்று நாளில் டப்பா காலி! ஒருநாள் ராத்திரி அந்த அளவில் குடித்துப் பார்த்தேன், இரண்டு மணிவரை கொட்டக் கொட்ட முழித்துக் கிடந்தேன். இப்போது மதியம் ஒரு ஸ்பூன், நாட்டுச் சர்க்கரையோடு, ருசிக்காக.

பொடிக்கு ஐந்தில் நாலரை, மூடிக்கு ஒன்று. அந்த மூடி இறுகவும் மாட்டேன் என்கிறது. ஒரு வாரத்தில் பொடி கட்டி தட்டிவிட்டது. வாங்கினால் அன்றைக்கே கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.