குட்டிநாய்க்கான 'பப்பி கிட்': எதற்குப் பணம் தரலாம், எதை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்

புதிதாக நாய்க்குட்டி வாங்குவோருக்கென்று தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கும் 'பப்பி கிட்' இப்போது சென்னையின் செல்லப்பிராணிக் கடைகள் பலவற்றில் கிடைக்கிறது. எட்டு வாரம் நிரம்பிய சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வரவிருந்தபோது, பக்கத்துக் கடையில் 3,800 ரூபாய் கொடுத்து அப்படியொரு பெட்டியை வாங்கினோம். பஞ்சு மெத்தை, இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள், நைலான் கழுத்துப்பட்டை, அதற்கான கயிறு, சிறுநீர் உறிஞ்சும் விரிப்புகள் ஒரு கட்டு, இரண்டு கடி பொம்மைகள், ஷாம்பு, சீப்பு, உலர் உணவில் ஒரு சிறு பொட்டலம் ஆகியவை அதில் இருந்தன. பொருள்களில் பாதி தரமானவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடர்த்தியான ரோமம் உள்ள சிறு இன நாயை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பெட்டியைத் தொகுத்திருக்கிறார்கள்; நம் ஊர் வெயிலும், வழவழப்பான டைல்ஸ் தரையும், நம் நாட்டு இனங்களின் உடல்வாகும் அவர்கள் கணக்கில் வரவில்லை.

இதற்குக் கழுத்துப்பட்டையே நல்ல சான்று. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களுக்குக் கழுத்து நீளம், தலை ஒடுக்கம். தலைச் சுற்றளவுக்கும் கழுத்துச் சுற்றளவுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டுப் பட்டையை மாட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. அப்படி மாட்டியிருந்தும், கயிற்றைப் பிடித்ததும் குட்டி பின்னங்கால்களை ஊன்றித் தலையைத் தாழ்த்திப் பின்வாங்க, காதுகள் மடங்கிப் பட்டை முழுவதும் மூக்கு வழியாகக் கழன்று வந்தது. நல்லவேளையாக இது நடந்தது கூடத்தில். தெருவில் நடந்திருந்தால் இந்த வேகக்கார இனத்தை ஓடிப் பிடிக்க யாராலும் முடியாது. இத்தகைய குட்டிகளுக்கு, மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் ஹார்னஸ் தேவை. வளர்ந்த பிறகு, இழுக்கும்போது மட்டும் ஓரளவு இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டை பொருந்தும். பெட்டியில் இருந்த நைலான் பட்டை லேப்ரடார் குட்டிக்குச் சரியாகவே இருக்கும். பொருந்தாத பட்டையைக் கொடுத்து ஹார்னஸாக மாற்றிக்கொள்ளும் வசதியைக் கடைகள் தந்தால், நாட்டு இனம் வளர்ப்போருக்கு அது பெரிய உதவியாக அமையும்.

அடுத்தது தரை. இதற்கென்று பெட்டியில் ஒன்றுமே இல்லை. நீண்ட கால்களுடைய குட்டி வழுக்கும் தரையில் ஓட முயலும்போது நான்கு கால்களும் நான்கு பக்கம் விரிகின்றன; திரும்பும் இடத்தில் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிகிறது. மூட்டுகளும் எலும்பும் உறுதிப்படாத வயதில் இது அன்றாடம் நடப்பது நல்லதன்று. கூடத்தில் குட்டி நடமாடும் பகுதி முழுவதும் பழைய ஜமக்காளத்தை விரித்து, அது நகராமல் இருக்க அடியில் ரப்பர் வலை போட்டோம். நடை அன்றைக்கே மாறியது. நுரைப் பாயை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல் முளைத்த குட்டி அதைப் பிய்த்து விழுங்கிவிடும், விழுங்கிய துண்டு குடலில் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

பஞ்சு மெத்தையில் குட்டி படுக்கவே இல்லை. சென்னையின் புழுக்கத்தில் குட்டை ரோம நாய்கூடத் தரையைத்தான் தேடும். இரண்டாக மடித்த கோணிப்பையின்மேல் பழைய பருத்திப் புடவையைப் போட்டால் போதும். அழுக்கானால் துவைக்கலாம், கிழிந்தால் வருத்தமில்லை. பிளாஸ்டிக் கிண்ணத்தில் பல் படும் இடமெல்லாம் கீறல் விழுந்து, அந்தக் கீறல்களில் அழுக்கும் கிருமியும் தங்குகின்றன. கனமான எவர்சில்வர் கிண்ணம் இரண்டு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. விரிப்புகள் நன்றாகவே உறிஞ்சுகின்றன, ஆனால் செலவு அதிகம். பகலில் செய்தித்தாளும் இரவில் மட்டும் விரிப்புமாக வைத்துக்கொண்டால் ஒரு கட்டு நெடுநாள் வரும். உலர் உணவை வந்த அன்றே முழுவதுமாகக் கொடுக்காமல், குட்டி அதுவரை சாப்பிட்டுவந்த உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வார காலத்தில் மாற்ற வேண்டும். பசும்பால் கொடுத்தால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும்; வெறும் தயிர்ச் சாதத்தில் வளரும் குட்டிக்கு வேண்டிய புரதம் இல்லை.

பெட்டியில் மனமாரப் பாராட்ட வேண்டியது கெட்டியான ரப்பர் கடி பொம்மை. நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்றாம் மாதத்திலிருந்து அவை விழுந்து ஆறேழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடுகின்றன. அந்தக் காலம் முழுவதும் ஈறு நமைச்சலில் எதையாவது கடித்தாக வேண்டிய குட்டிக்கு இந்தப் பொம்மை பேருதவி. குளிர்சாதனப் பெட்டியில் சற்று நேரம் வைத்துக் கொடுத்தால் இன்னும் விரும்புகிறது. கீச்சென்று ஒலிக்கும் மற்றொரு துணிப் பொம்மையைத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஊதியை எளிதில் உருவி விழுங்கிவிடும்.

வீட்டிலிருப்பதைப் பயன்படுத்துவதால் மிச்சமாகும் பணத்தை, குட்டியை உள்ளே விட்டுவைக்கும் எட்டுப் பலகை இரும்பு வேலிக்குச் செலவிடச் சொல்வேன். உயரம் மூன்றடிக்குக் குறையக் கூடாது. இரண்டடி வேலியைச் சிப்பிப்பாறை சில மாதங்களிலேயே தாண்டிவிடும். ஆள் கவனிக்காத நேரத்தில் குட்டி அதற்குள் இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு, ஏனென்றால் நம் வீடுகளில் அதற்கு எட்டக்கூடிய நஞ்சு ஏராளம். அலமாரி அடித்தட்டில் பாச்சை உருண்டை, அடுப்படி மூலையில் எலி மருந்து, கீழே வைத்த வெங்காயக் கூடை, பாயசத்துக்கு எடுத்த உலர்திராட்சை, தொட்டியில் அரளி என ஒவ்வொன்றையும் குட்டி வரும் முன்பே மேலே ஏற்றியோ அகற்றியோ விட வேண்டும். தொங்கும் சார்ஜர் ஒயர்களைச் சுருட்டிக் கட்டுவதும், பால்கனிக் கிராதியின் கீழ்ப்பகுதிக்குக் கம்பி வலை அடிப்பதும் தவறக் கூடாது. புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையை நாய் கடித்தே அறுத்துவிடும்.

பெட்டியோடு வந்த துண்டுத்தாள் ஷாம்பு போடும் முறையை விளக்குகிறது, தடுப்பூசியைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எனக்கு இதுதான் பெருங்குறையாகப் படுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசிகளை மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். அதற்கு முன் தெரு மண்ணில் குட்டியை இறக்கினால் பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோய் தொற்றும் ஆபத்து உண்டு. மனிதர்களையும் ஓசைகளையும் பழக்க, தோளில் தூக்கிக்கொண்டு போய்வரலாம். பார்வோ கண்ட வீடாக இருந்தால் ஃபினாயிலை நம்பக் கூடாது. வீட்டு உபயோக ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, சுத்தம் செய்த தரையில் பத்து நிமிடம் ஈரமாக நிற்க விட்டுக் கழுவ வேண்டும். வெறிநோய் ஊசியை மூன்றாம் மாதத்தில் போடுகிறார்கள்; அந்தச் சான்றிதழ் இல்லாமல் சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் பெற முடியாது என்பதால், மருத்துவர் தரும் ஊசி அட்டையை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.