பிக்கப் இல்லையா? டர்போ மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் பாருங்கள்

டீசல் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் மலைப்பாதையில் ஓட்டுபவர்கள், தயவுசெய்து படியுங்கள். சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வீணாகப் போனது.

ஏற்காடு ஏற்றத்தில் கார் திணறியது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் இழுவை இல்லை. கறுப்புப் புகை, பானெட்டுக்குள் உஸ்ஸென்று காற்று சீறும் சத்தம். இவ்வளவையும் சொல்லித்தான் வண்டியை விட்டேன். ஸ்கேனர் மாட்டினார்கள், பி0299 என்று பிழைக் குறியீடு வந்தது. "டர்போ போச்சு சார், மாத்தியே ஆகணும்" என்றார்கள்.

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். அந்தக் குறியீடு சொல்வது அந்தக் காற்றழுத்தம் போதவில்லை என்பதை மட்டும்தான். டர்போ கெட்டிருக்கலாம், வழியில் எங்காவது காற்று கசிந்தும் இருக்கலாம். சீறும் சத்தம் கேட்கிறது என்றால் முதலில் கசிவைத்தான் தேட வேண்டும். தேடவே இல்லை. டர்போவை மாற்றிய பிறகும் அதே திணறல். திரும்பிப் போய்க் கேட்டால், "நீங்க பெடலை மிதிக்கிற விதம் சரியில்ல சார்" என்கிறார்கள்! கழற்றிய பழைய டர்போவையும் தரவில்லை.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் வெடித்திருந்தது, சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. ஹோஸையும் கிளாம்பையும் மாற்றினார். வண்டி பழையபடி இழுத்தது. செலவு மூவாயிரத்தைத் தாண்டவில்லை.

பெடல் விஷயம் பொய்யில்லை. நான்காவது கியரில் 1,200 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) அழுத்தி மிதித்தால் எந்த டீசல் வண்டியும் முக்கும். பெரும்பாலான வண்டிகளில் டர்போவின் பலம் 1,800, 2,000-க்கு மேல்தான் தெரியும். கியரைக் குறைத்துவிட்டு, பெடலைச் சீராக அழுத்த வேண்டும். ஆனால் என் கார் இரண்டாவது கியரில் 2,500-லும் இழுக்கவில்லை. அதைக் கேட்ட பிறகும் ஓட்டுபவர் மேல் பழி போடுவது அநியாயம்.

ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச்சைச் சந்தேகியுங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளோர் மேட் பெடலுக்கு அடியில் சுருண்டு கிடந்தாலும் பெடல் முழுக்க இறங்காது. டர்போ என்று சொன்னால் கசிவுச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள், எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், பழைய பாகத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ரிப்பேருக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு பில்களையும் வைத்து நானும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.