நீல வெளிச்சமா, லவுட்னஸ் குமிழா? எழுபதுகளின் ரிசீவர்களில் எதை வாங்குவது

மராண்ட்ஸ் 2270 ரிசீவரை முதல்முறை இருட்டில் பார்த்தவனால் அதன் ஒலியைப் பற்றி நியாயமாகப் பேச முடியாது. நானும் அப்படித்தான் மாட்டினேன். நண்பர் வீட்டுக் கூடத்தில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு சுவிட்சைத் தட்டினார். டயல் முழுக்க நீலம். மூன்று நாலு நொடி கழித்து உள்ளே, ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே ‘டிக்’ என்றது. "இப்பக் கேளுங்க" என்றார். அடுத்து வந்ததெல்லாம் என் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஸ்பீக்கர் ஒயர் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருந்ததை வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன்.

பழைய ஆடியோ செட்டில் எது சிறந்தது என்ற சண்டையில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் நாலு: மராண்ட்ஸ், பயனியர், சான்சுய், யமஹா. நம் ஊரில் பயனியர் என்றால் கார் ஸ்டீரியோ, சான்சுய் என்றால் வீடியோகான்காரர்கள் விற்ற டிவி, யமஹா என்றால் பைக். ஆனால் 1970-களில் இந்த நாலு பேரும் ரேடியோ பிடிக்கும் டியூனர், சிக்னலைத் தயார்செய்யும் ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து ‘ரிசீவர்’ என்று விற்றுக் கொடிகட்டிப் பறந்தார்கள். இன்று செகண்ட்ஹேண்டில் கைமாறுவது பெரும்பாலும் அந்தப் பெட்டிகள்தான்.

அவை அவ்வளவு கனமாக இருப்பதற்கு ஒரு சட்டம் காரணம். தொண்ணூறுகளில் சின்ன டேப்ரெக்கார்டர் மேல் ‘1000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று ஊதிப் பெருக்கின கணக்கில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் அதே கூத்து அறுபதுகளிலேயே நடந்தது. 1974-ல் அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டது. வாட் கணக்கு விளம்பரத்தில் போடுவதானால் எத்தனை ஓம், எந்த அலைவரிசை முழுக்க, எத்தனை சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. இந்த வகை ஆம்ப் ஏறக்குறைய அந்த அளவில்தான் மிக அதிகமாகச் சூடாகும். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் பெரிதாயிற்று, டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாயிற்று. கணக்கு நேர்மையானதும் போட்டி சூடு பிடித்தது. 1976-ல் பயனியர் எஸ்எக்ஸ்-1250, சேனலுக்கு 160 வாட். 1978-ல் எஸ்எக்ஸ்-1980, 270 வாட். மராண்ட்ஸ் 2600-ம் சான்சுய் ஜி-33000-ம் 300-க்குப் போயின. டெக்னிக்ஸ் எஸ்ஏ-1000-ல் 330 என்றது.

இதில் யாரும் உரக்கச் சொல்லாத ஒன்று உண்டு. 150 வாட்டிலிருந்து 300-க்குப் போனால் கூடுவது 3 டெசிபல். வால்யூமைச் சற்றே திருகின வித்தியாசம். அதற்காக முப்பத்தைந்து கிலோவை மூன்றாம் மாடிக்குத் தூக்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

மராண்ட்ஸ்

கம்பெனியைத் தொடங்கியவர் நியூயார்க்கில் இருந்த சால் மராண்ட்ஸ். 10பி என்ற டியூனரை உருவாக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டு 1964-ல் சூப்பர்ஸ்கோப் கம்பெனிக்கு விற்றுவிட்டார். நாம் கொண்டாடும் 2200 வரிசை அதற்குப் பிறகு ஜப்பானில் செய்தது. ஆகவே ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று யாராவது விலை ஏற்றினால் சிரித்துக்கொள்ளலாம். எண்ணில் வாட் இருக்கும்: 2230 என்றால் 30, 2245 என்றால் 45, 2270 என்றால் 70. பெரிய மாடல்களுக்குப் போனால் இந்தக் கணக்கு உதவாது.

ஸ்டேஷன் பிடிக்க இதில் குமிழ் கிடையாது. முகப்பில் பாதி புதைந்து கிடைமட்டமாக ஒரு சக்கரம். கட்டைவிரலால் தள்ளிவிட்டால் முள் டயலின் அந்தக் கோடிவரை மிதந்து போகும். அதற்கே ஒரு தனி ருசி. ஒலியில் பேஸ் கொஞ்சம் தடித்து, மேலே மெத்தென்று இருக்கும். சிலர் இதை ‘வார்ம்’ என்பார்கள். என் காதுக்கு ரசம் கொஞ்சம் கூடுதலாகக் கொதித்துவிட்ட மாதிரி. பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும்.

விலை மட்டும் நியாயமில்லை. அதே பவர், அதே நிலையில் உள்ள மற்ற மூன்றையும்விட மராண்ட்ஸுக்குக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். அந்த வித்தியாசம் முழுக்க நீலத்துக்கு. அந்த நீலமும் சும்மா நிற்காது. டயலுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு மெல்லிய தாள் இருக்கும். நாற்பது ஐம்பது வருஷம் பல்பின் சூட்டில் வெந்து, மூடியைத் திறந்தால் அப்பள ஓரம் மாதிரி பழுப்பாகி நிற்கும். தாளை மாற்றாமல் பல்புக்குப் பதில் எல்இடி மட்டும் போட்டால் கறை தெரிகிற நீலம்தான் கிடைக்கும், நகைக்கடை போர்டு மாதிரி.

பயனியர்

நாலில் கட்டுமானம் எதில் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் பயனியரின் ‘50’ வரிசையைச் சொல்வேன். 650, 750, 850, 950, 1050, 1250. சுவிட்சைத் தட்டினால் அலமாரிப் பூட்டு விழுகிற சத்தம். 850-ன் 65 வாட் எந்த வீட்டுக்கும் தாராளம். ஒலி நேராக, கூட்டாமல் குறைக்காமல் வரும். சிலருக்கு அது சப்பென்று இருக்கலாம்.

அடுத்து வந்த ‘80’ வரிசையில் மட்டும் கவனம். எஸ்எக்ஸ்-780-ல் தனித்தனி அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் எஸ்டிகே தொகுப்பு, அதாவது பல பாகங்களை ஒன்றாக அடக்கிய ஒற்றைத் துண்டு. எஸ்டிகே நமக்குப் புதிதல்ல. ஊரெல்லாம் 4141 போர்டை வாங்கி ஆம்ப் கட்டியவர்கள்தானே நாம். ஆனால் 780-க்கான எஸ்டிகே இப்போது தயாரிப்பில் இல்லை. சந்தையில் வருவதில் போலி ஏராளம். அசல் போய்விட்டால் செட் அலங்காரப் பொருள். டிரான்சிஸ்டர் வைத்த 750 என்றால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஈடான பாகம் தேடி மாட்டி எழுப்பிவிடலாம். விலை ஒன்றாக இருந்தால் நான் 750 பக்கம்தான்.

சான்சுய்

சான்சுய்க்காரர்கள் ஒரு தனி மதம். 1947-ல் டிரான்ஸ்ஃபார்மர் செய்யத் தொடங்கிய கம்பெனி, அந்தப் பிறவிக் குணம் கடைசிவரை போகவில்லை. இவர்களின் ரிசீவர்களைவிட ஏயூ வரிசை ஆம்ப்ளிஃபையர்களுக்குத்தான் பேர். ஏயூ-717, 85 வாட், கறுப்பு முகப்பு. டியூனர் கிடையாது, ஆகவே இந்த ஒப்பீட்டில் அது பாதி விருந்தாளி. கேட்டவரையில் நாலில் எனக்கு மனசுக்குப் பிடித்த ஒலி இதுதான். மிருதங்கத்தில் வலந்தலை, இடந்தலை இரண்டும் தனித்தனியாக எழுந்து நிற்கும். தொப்பியை (இடந்தலையை) அடிக்கும்போது அந்த ‘ம்’ தேயும் வரை காதில் இருக்கும்.

இதை வாங்கு என்று உங்களிடம் சொல்லவும் பயம். அந்தக் காலத்தில் பெரிய கபாசிட்டர்கள் ஆடாமல் இருக்க போர்டில் பசை தடவினார்கள். புதிதில் வெளிர் மஞ்சள். வயதாகி ஈரத்தை இழுத்துப் பழுப்பானதும் அதுவே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, பக்கத்தில் உள்ள ரெசிஸ்டர் கால்களை அரித்துவிடும். நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்துக்குச் சொல்லவே வேண்டாம். பசையைச் சுரண்டி எடுப்பது ஒரு நாள் வேலை, பொறுமைசாலி மெக்கானிக் வேண்டும். மற்ற பிராண்டுகளிலும் இந்தப் பசை உண்டு. சான்சுயில் தாராளமாகத் தடவியிருக்கிறார்கள்.

யமஹா

1887-ல் ஹார்மோனியப் பெட்டியின் உறவினரான ரீட் ஆர்கன் செய்யத் தொடங்கிய வீடு. முத்திரையிலேயே மூன்று டியூனிங் ஃபோர்க். நீலம் கிடையாது, பளபளப்பு கிடையாது, வெள்ளி முகப்பும் மெல்லிய எழுத்தும் மட்டும். பக்கத்தில் வைத்தால் மராண்ட்ஸ் கல்யாண மண்டபம், யமஹா ஆஸ்பத்திரி.

ஆனால் அதில் ஒரு குமிழ் இருக்கிறது. லவுட்னஸ். மற்றவற்றில் இது வெறும் சுவிட்ச். போட்டால் பேஸ் ஒரேயடியாக எகிறும். யமஹாவில் மெதுவாகத் திருகக்கூடியது. சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் முதலில் மறையும், உச்ச ஒலிகளும் கொஞ்சம் மங்கும். 1933-லேயே ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைந்துவிட்டார்கள். யமஹா சொன்ன முறை இது: லவுட்னஸை ‘ஃப்ளாட்’டில் வைத்து, நீங்கள் கேட்கும் உச்ச அளவுக்கு வால்யூமை ஏற்றுங்கள். பிறகு வால்யூமைத் தொடாதீர்கள். சத்தத்தைக் குறைக்க லவுட்னஸைத் திருகுங்கள். நடு அலைவரிசை அதிகமாக இறங்கும், பேஸும் ட்ரெபிளும் அந்த அளவுக்கு இறங்காது. ராத்திரி பதினொரு மணிக்கு, பக்கத்து ஃப்ளாட்டில் குழந்தை தூங்கும்போது, மிகத் தாழ்ந்த சத்தத்திலும் தம்புரா தம்புராவாகவே கேட்கும். வீட்டில் பாதி நேரம் நாம் கேட்பது இந்த அளவில்தானே? சண்டை போடுகிறவர்கள் எல்லாம் ஏன் முழு வால்யூமை வைத்தே தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

சிஆர்-1020, 70 வாட், சிஆர்-2020, 100. இரண்டிலும் ரெக்கார்டிங்குக்குத் தனித் தேர்வுக் குமிழ் உண்டு. அப்பாவின் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிக்கொண்டே நீங்கள் எல்பி கேட்கலாம்.

கென்வுட்டை ஒரு வரியில் முடித்துவிடலாம்: டியூனரில் கில்லாடி, விலையும் குறைவு. டெக்னிக்ஸில் ரிசீவரை விடுங்கள், தட்டு ஓட்டும் எஸ்எல்-1200-ஐப் பாருங்கள்.

பிராண்டுக்கு முன் பார்க்க வேண்டியது

பின்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்க செட் 120 வோல்ட், ஜப்பான் உள்ளூர் செட் 100. நம்முடையது 230. ஏற்றுமதிக்கென்று செய்தவற்றில் வோல்டேஜ் மாற்றும் செலக்டர் இருக்கும்; அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். நான் முதலில் வாங்கிய செட்டை விற்றவர் "அப்படியே போடலாம் சார்" என்றார். போட்டேன். ஒரு வாடை வந்தது, அவ்வளவுதான். பிராண்டைச் சொல்ல வேண்டாம், தப்பு அதனுடையது இல்லை.

எஃப்எம் கேட்பவர் என்றால் ஜப்பான் உள்ளூர் செட்டைத் தொடாதீர்கள். அந்தக் காலத்து ஜப்பான் டயல் 76-லிருந்து 90 வரைதான். சென்னையின் தனியார் ஸ்டேஷன் ஒன்றுகூட அதில் மாட்டாது. அமெரிக்க செட்டில் எல்லாம் வரும், ஆனால் ட்ரெபிளைத் தணிக்கும் டி-எம்ஃபசிஸ் அளவு அங்கே 75 மைக்ரோசெகண்ட், இங்கே 50. ட்ரெபிள் கொஞ்சம் மங்கும். குமிழை ஒரு பல் ஏற்றினால் போதும்.

ரிச்சி தெருவில் நான் செட் கொடுக்கும் பெரியவர் பெயர்ப்பலகையைப் பார்ப்பதே இல்லை. "பேரைப் பாக்காதீங்க தம்பி, ரிலே சத்தத்தைக் கேளுங்க" என்பார். சுவிட்ச் போட்டு சில நொடியில் ரிலே ஒட்ட வேண்டும். ஒட்டியதும் ஸ்பீக்கர் இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைப்பார். 50-க்குக் கீழே என்றால் தலையசைப்பார். குமிழ் கரகரப்பதற்கெல்லாம் விலை பேச விடமாட்டார். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போகிற விஷயம். ரிலே ஒட்டவே இல்லை என்றால் மூடியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

என் வரிசை: தினமும் கேட்க யமஹா, ஆயுசுக்கு பயனியர் ‘50’, நல்ல மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் சான்சுய், காசு மிஞ்சினால் மராண்ட்ஸ். என் வீட்டில் இருப்பது சிஆர்-1020. நண்பர் வந்தால் அதைப் பார்த்து, "உங்க ஈசிஜி மெஷின் எப்படி இருக்கு?" என்பார். அவருடைய 2270-ல் இடது பக்க டயல் பல்பு போய் ஆறு மாசம் ஆகிறது. ஒயரை மட்டும் நான் சரிபண்ணிக் கொடுத்துவிட்டேன்.