சேர்ந்தா, தனித்தனியா? கல்யாண கிரீன் கார்டும் அமெரிக்க வரி தாக்கலும்

‘ஜாயின்ட்டாக ஃபைல் பண்ணாவிட்டால் கிரீன் கார்டு போச்சு’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. தனித்தனியாகத் தாக்கல் செய்வது உங்கள் உரிமை. ஆபத்து வேறு கட்டத்தில் இருக்கிறது: கல்யாணமான பிறகும் ‘சிங்கிள்’ என்று டிக் அடிப்பதில்.

டிசம்பர் 31 அன்று நீங்கள் மணமானவர் என்றால், அந்த ஆண்டு முழுவதற்கும் மணமானவர்தான். டிசம்பர் 28-ம் தேதி ரிஜிஸ்டர் செய்திருந்தாலும் அப்படியே.

கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆவதற்குள் கிரீன் கார்டு கிடைத்தால், அது இரண்டாண்டு நிபந்தனைக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களில், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனு போட வேண்டும். திருமணம் நிஜமானது என்பதற்கான ஆதாரங்களில், வரித்துறை (ஐஆர்எஸ்) தரும் ரிட்டர்ன் நகலான டிரான்ஸ்கிரிப்ட்டும் ஒன்று. ஜாயின்ட் ரிட்டர்ன் என்றால் ஒரே தாளில் இருவர் விவரமும் வரும். அதிகாரி கேள்வி கேட்க அதிகம் மிச்சமிருக்காது. ஆதாரமாகப் பார்த்தால் இதற்கு இணை இல்லை, சரி.

ஆனால் பணமாகப் பார்த்தால்? மனைவிக்கு 70,000 டாலர் சம்பளம், பெரிய கல்விக் கடன். 2014 ஜூலைக்குப் பின் முதல் கடன் வாங்கியவர், வருமானத்தை வைத்துத் தவணை கணக்கிடும் ஐபிஆர் திட்டத்தில் கட்டுகிறார். கணவருக்கு 50,000 டாலர், கடன் இல்லை. 2025 கணக்கில் தனித்தனியாகப் போட்டால் இருவருக்கும் சேர்த்து வரி சுமார் 580 டாலர் கூடும். கடன் வட்டிக் கழிவும் போய்விடும். அதில் இன்னொரு 300 டாலர் வரை நஷ்டம். ஆனால் தவணை மனைவியின் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்படும். அந்த வகையில் ஆண்டுக்கு 4,000 டாலருக்குக் கொஞ்சம் மேலேயே மிச்சம். கூட்டிக் கழித்தால் 3,000 டாலருக்கு மேல் லாபம். ஒரு ஆதாரத் தாளுக்காக இதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஜாயின்ட்டில் கையெழுத்துப் போட்டால் முழு வரிக்கும் இருவரும் பொறுப்பு. துணைவரின் சொந்தத் தொழில் கணக்கு கோளாறாகத் தெரிந்தால், தனியாகப் போடுவதே புத்திசாலித்தனம்.

தனி ரிட்டர்னிலும் துணைவரின் பெயர் எழுதித்தான் ஆக வேண்டும். இருவர் ரிட்டர்னிலும் ஒரே முகவரி இருக்கும். அதோடு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, கார் இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கெட்டியாகச் சேர்த்து, ஏன் தனித்தனி என்று நாலு வரி விளக்கமும் வையுங்கள். கடன் தவணை என்பது எந்த அதிகாரிக்கும் புரியும் காரணம். கல்யாண ஆல்பத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

‘ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்’ (குடும்பத் தலைவர்) என்ற தாக்கல் வகையில் கழிவு அதிகம் என்பதால் பலருக்கும் சபலம். ஒரே கூரையின் கீழ் வாழும் தம்பதிக்குப் பொதுவாக அது பொருந்தாது. ஆண்டின் கடைசி ஆறு மாதம் துணைவர் வீட்டில் இருந்திருக்கக் கூடாது. அதாவது, ‘நாங்கள் சேர்ந்து வாழவில்லை’ என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. அமெரிக்கக் குடியுரிமைக்காரரின் துணைவர் மூன்றே ஆண்டில் என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) போடும் சலுகைக்கு, அந்த மூன்று ஆண்டும் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு தாளும் ஒரே மேஜைக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

துணைவர் இன்னும் கோயம்புத்தூரில் விசாவுக்குக் காத்திருக்கிறாரா? அவரையும் அமெரிக்க வரிவாசியாகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்ட அறிக்கை இணைத்து ஜாயின்ட்டாகப் போடலாம். டபிள்யூ-7 படிவம் மூலம் அவருக்கு ஐடின் என்ற வரி அடையாள எண் வாங்க வேண்டும். ஆனால் அங்கே வரும் எஃப்டி வட்டி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் இங்கே காட்ட வேண்டும். அவருக்கு அங்கே நல்ல சம்பளம் என்றால் முதலில் தனியாகவே போடுங்கள். ஸ்பான்சர் செய்பவர் தரும் ஐ-864 என்ற நிதி ஆதரவு உறுதிமொழிக்கு எந்த வகை ரிட்டர்னும் செல்லும். ஜாயின்ட் என்றால் யார் சம்பளம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட டபிள்யூ-2 (நிறுவனம் தரும் சம்பளச் சான்று) சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

‘சிங்கிள்’ என்று ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், ஐ-751 அனுப்பும் முன்பே 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் மூலம் திருத்திவிட வேண்டும். அதிகாரி கேட்ட பிறகு திருத்தினால் அதன் மதிப்பே வேறு.

இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். தனியாகப் போட்டதைக் கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் ஜாயின்ட்டாக மாற்றலாம். ஜாயின்ட்டாகப் போட்டதை, ஏப்ரல் கெடு தாண்டிவிட்டால் தனியாகப் பிரிக்க முடியாது.