தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு: கட்டுப் பிரிக்கும் நாள்வரை

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் மூக்கைத் திருத்துவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில் கெண்ட் ரிட்ஜ் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பிரிவின் பெருமை அதில் இல்லை. புற்றுநோய்க்காக மார்பகத்தையோ தாடையையோ இழந்தவர்களுக்கு, சொந்த உடம்பிலிருந்தே சதை எடுத்து மறுபடி அமைத்துத் தருவதில்தான் இருக்கிறது.

மார்பகத்துக்கு என்றால், அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுப்பார்கள். அந்த 2, 3 மில்லிமீட்டர் குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மார்பிலுள்ள குழாய்களோடு தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். சிக்கல் வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் வரும். அதனால் முதல் இரவில் தாதி மணிக்கொருமுறை வந்து சதையை விரலால் அழுத்திப் பார்ப்பார். வெளுத்த இடத்தில் இரண்டு மூன்று விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். வெளிறிக் குளிர்ந்திருந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாய்ந்து வீங்கி, அழுத்தியதும் சட்டென்று நிறம் திரும்பினால், வந்த ரத்தம் வெளியேறவில்லை. நம் மாநிறத்தில் இந்த நிறமாற்றம் சட்டென்று தெரியாது. ஆகவே பேனாவால் குறி வைத்த இடத்தில் ரத்த ஓட்டத்தை ஒலியாக்கும் டாப்ளர் கருவியை வைத்து ஓசையையும் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் நடு இரவானாலும் ஆபரேஷன் அறைக்குத் திரும்பியாக வேண்டும். தாமதித்தால் சதை செத்துவிடும். இரவு முழுக்க மருத்துவர் பணியில் இருப்பதே போதனா மருத்துவமனையின் பெரிய பலம். இந்த ஒன்றுக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.

தோல் ஒட்டு வேறு; ரத்தக்குழாய் இல்லாமல் மெல்லிய தோலை மட்டும் எடுத்துப் புண்ணில் ஒட்டுவது. முதல் இரண்டு நாள் அது அடியில் ஊறும் நீரில்தான் உயிர் வாழும். பிறகே குழாய்கள் இணையும். அடியில் ரத்தம் தேங்கினாலும், ஒட்டு அசைந்தாலும், கிருமி புகுந்தாலும் பிடிக்காது. பொதுவாக ஐந்தாம் நாள் வாக்கில்தான் கட்டைப் பிரிப்பார்கள். அதுவரை 'கொஞ்சம் பார்ப்போமே' என்று நாமாகத் திறக்கவே கூடாது. ஒட்டிய இடத்தைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகம் எரியும் என்பதைப் பலரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது ஆற இரண்டு வாரம் ஆகும். மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதையும் திறந்த புண்ணில் வைக்காதீர்கள். புகைப்பவர்கள் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிகோட்டின் குழாய்களைச் சுருக்கிவிடும்.

குறை என்றால், கற்பிக்கும் இடம் என்பதால் பரிசோதனை அறையில் மாணவர்கள் இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அரசு உதவித்தொகை பெற்ற குறைந்த கட்டணத்தில் வருபவர்கள் சிறப்பு மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அடுத்தடுத்த முறை வேறு வேறு முகங்கள் வரலாம். அதனால் ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் புண்ணைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். புதிய மருத்துவருக்கு வாய்விளக்கத்தைவிட அது உதவும்.

உதவித்தொகைக்குப் பொதுவாகப் பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வேண்டும். மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது மருத்துவக் காரணமுள்ள அறுவைக்குத்தான். அழகுக்கு மட்டும் செய்வதற்கு ஆகாது. புற்றுநோய்க்குப் பிந்திய மார்பக மறுசீரமைப்பை அழகு என்று எண்ணி யாரும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். கைக்காயத்துக்கு இதே மருத்துவமனையில் தனித் துறை உண்டு. கடுமையான தீக்காயத்துக்குச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைதான்.

கடைசியாகத் தழும்பு. நம் தோலில் கீலாய்டு, அதாவது புண்ணின் எல்லையையும் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, எளிதில் வரும்; காதுமடல், நெஞ்சு, தோள் மூன்றும் மோசமான இடங்கள். புண் முழுதாக மூடியதும் சிலிக்கோன் ஒட்டுத்தாளைத் தினம் 12 மணி நேரமாவது, சில மாதங்களுக்கு வைக்க வேண்டும். தடிக்கத் தொடங்கினால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்; ஊசி போட்ட இடம் வெளுக்கலாம், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிய தோல் வெயிலில் கறுத்துவிடும் என்பதால், முதல் ஓராண்டு சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.