சாமுராயா, வைக்கோல் தொப்பியா? ‘ஷேடோ டாக்டிக்ஸ்’ காவலர்களைக் கையாளும் வழிகள்

‘ஷேடோ டாக்டிக்ஸ்: பிளேட்ஸ் ஆஃப் தி ஷோகன்’ என்ற வீடியோ விளையாட்டைப் புதிதாக ஆடத் தொடங்கியவரிடம் எந்தக் காவலன் கடினமானவன் என்று கேட்டால், யோசிக்காமல் சாமுராயைத்தான் சொல்வார். அவன் கவசமும் நடையும் அப்படி. ஆட்டத்தைப் பலமுறை முடித்த பிறகும் என் கருத்து வேறு: நம் திட்டத்தைக் குலைப்பவன் சாமுராய் அல்லன், அசையாமல் நிற்கும் வைக்கோல் தொப்பிக்காரன். ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த மிமிமி நிறுவனம் உருவாக்கி 2016 டிசம்பரில் வெளிவந்த இந்த ஆட்டம், 1615ஆம் ஆண்டு ஜப்பானில் ஷோகன் எனப்படும் ராணுவ ஆட்சியாளருக்காக மறைந்து வேலை செய்யும் ஐவரைப் பற்றியது. நிஞ்சாவான ஹயாட்டோ, சிறுமி யூகி, சாமுராய் முகென், வேடம் போடும் ஐகோ, மரக்காலுடன் நடக்கும் முதியவர் தகுமா ஆகிய இவர்களுக்கு எதிரே நிற்கும் காவலர்களுள் மூன்று வகையினரை மட்டும், அவர்களைச் சமாளிக்க நமக்கிருக்கும் மாற்று வழிகளோடு சேர்த்து இங்கே பார்க்கிறேன்.

பார்வைக் கூம்பைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். காவலன் பார்க்கும் பரப்பு தரையில் விரியும் நிறமாகத் தெரியும்; அதில் முழு நிறமாக உள்ள பகுதிக்குள் கால் வைத்தால் அவன் நம்மைக் கண்டுவிடுவான், கோடு கோடாகத் தெரியும் பகுதியில் குனிந்து நடந்தால் காணமாட்டான். ஒரு நேரத்தில் ஒருவனுடைய கூம்பை மட்டுமே பார்க்க முடியும் என்பதால், மற்றவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பதை நாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த ஆட்டத்தின் உண்மையான உழைப்பு அதில்தான் இருக்கிறது.

சாதாரணக் காவலனுக்கு இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. ஹயாட்டோ எறியும் ஷுரிகென் என்ற கூர்முனைத் தகடு தொலைவிலிருந்தே சத்தமின்றி ஆளை முடித்துவிடும். ஆனால் உடல் விழுந்த இடத்திலேயே கிடக்கும், எறிந்த ஷுரிகெனையும் நாமே போய் எடுத்து வர வேண்டும். ஆக, எந்த வெளிச்சத்துக்குள் போகக் கூடாது என்று எறிந்தோமோ அதற்குள்ளேயே எப்படியும் போகிறோம். யூகியின் வழி நேர் எதிரானது. ஒரு மூலையில் பொறியை வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் மறைந்திருந்து பறவை போலச் சீழ்க்கை ஒலி எழுப்பினால், காவலன் தானாக நடந்து வந்து பொறியில் மாட்டுவான். கொலையும் மறைவிடத்திலேயே முடிந்துவிடுவதால், உடலை ஒளிப்பது பாதி வேலைதான். நேரம் அதிகம் ஆனாலும் நான் பொறியின் பக்கமே நிற்பேன். பனி மூடிய இடங்களில் சீழ்க்கையும் தேவைப்படாது, நம் காலடித் தடத்தைப் பார்த்தாலே அவன் பின்தொடர்ந்து வருவான்.

வைக்கோல் தொப்பிக்காரனிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. சீழ்க்கை கேட்டாலும், முகென் வீசும் சாக்கே (ஜப்பானிய அரிசி மது) குடுவை கண்முன்னே வந்து விழுந்தாலும் அவன் இடத்தை விட்டு நகரமாட்டான். சிங்கப்பூரில் தேசிய சேவை எனப்படும் கட்டாய ராணுவப் பணியில் காவல் பணி பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுற்றி நடக்கும் பிரவுலர் சத்தம் வந்த பக்கம் போய்ப் பார்க்கலாம். வாயிலில் நிற்கும் சென்ட்ரிக்கு அந்த உரிமை இல்லை, என்ன நடந்தாலும் அவன் நின்ற இடத்தில் நின்றாக வேண்டும். நான் முகாமில் சென்ட்ரியாக நின்ற இரவுகளில் வேலிக்கு அப்பால் புதர் சலசலத்தபோதெல்லாம் போய்ப் பார்க்கக் கால் துறுதுறுக்கும். ஆனால் அங்கேதான் நின்றேன். அப்படி நிற்பவனுடைய பலம் வாளில் இல்லை, கண்ணில் இருக்கிறது. பொதுவாக ஒருவரையொருவர் பார்க்கும்படி இருவராக நிறுத்தப்பட்டிருப்பதால், ஒருவன் விழுந்த மறுகணமே அடுத்தவன் கூச்சலிடுவான்.

அவனைக் கையாள நான் முயன்று பார்த்த வழிகள் மூன்று. ஹயாட்டோவின் கல், விழுந்த பக்கமாகச் சில விநாடிகள் அவன் தலையைத் திருப்பும்; ஓர் ஆள் குறுக்கே கடந்து போக அது போதும், கொன்று உடலை இழுத்துப் போகப் போதாது. ஐகோவின் தும்மல் பொடி அவன் பார்வை எல்லையைச் சிறிது நேரம் குறுக்குகிறது, அதுவும் கடந்து போவதற்கான உதவிதான். வேடமிட்ட ஐகோ அருகே போய்ப் பேச்சுக் கொடுப்பது வேறு தரம். அவள் பேசும்வரை அவன் பார்வை அவள் மீதே இருக்கும், அவள் எந்தப் பக்கம் நிற்கிறாளோ அந்தப் பக்கமே அவன் முகமும் இருக்கும். அவன் முதுகுக்குப் பின்னால் மற்ற நால்வரும் நிதானமாக வேலை பார்க்கலாம். எனவே ஐகோ குழுவில் இருக்கும் கட்டங்களில் வேறு வழியைத் தேடுவதே வீண். அவள் இல்லாதபோது எஞ்சுவது ஷேடோ மோட்: ஆளுக்கு ஒரு செயலை முன்கூட்டியே குறித்து வைத்து, ஒரே பொத்தானில் அனைத்தையும் நடத்துவது. இரண்டு தொப்பிகளும் ஒரே நொடியில் சாய்ந்தால் கூச்சலிட எவருமில்லை. குறித்து வைக்கும்போது நேரம் நின்றுவிடாது என்பதுதான் இதில் சங்கடம். இதே நிறுவனம் உருவாக்கி 2020இல் வெளிவந்த ‘டெஸ்பராடோஸ் 3’ இந்த இடத்தில் நேரத்தை நிறுத்திக் கொடுக்கிறது. வசதிதான், ஆனால் எனக்கு அதில் பாதி உப்பு குறைந்துவிட்டதாகவே தோன்றுகிறது.

சாமுராய் விஷயம் சுருக்கமானது. ஐகோவின் வேடம் அவனிடம் எடுபடாது, சாதாரண வாள் வீச்சிலும் அவன் சாகமாட்டான். முகெனால் மட்டுமே அவனைத் தனியாக வீழ்த்த முடியும், அந்த மோதல் முடியச் சில விநாடிகள் ஆகும். முகென் இல்லையென்றால் துப்பாக்கியால் சுட்டு அவனை நிலைகுலைய வைத்து, அவன் மீண்டும் எழுவதற்குள் இன்னொருவர் பாய்ந்து முடிக்க வேண்டும். முதல் வழி அமைதியானது, மெதுவானது, இரண்டாவது வேகமானது. கைத்துப்பாக்கியைப் பயன்படுத்தினால் அந்த வட்டாரமே ஓடி வரும் என்பதால், தகுமா தொலைவிலிருந்து தம் நீண்ட துப்பாக்கியால் சுடுவதையே விரும்புகிறேன், அவரிடம் குண்டுகள் சிலவே இருக்கும் என்றாலும். எது எப்படியோ, சாமுராயைக் கொல்ல வழி இருக்கிறது. அந்த வழிக்குத் தேவையான சில விநாடிகளை நமக்குத் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்பவன் பக்கத்தில் நிற்கும் தொப்பிக்காரன்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஈசூனில் அக்கா வீட்டில் இதை வைத்து ஒரு வாக்குவாதமே நடந்தது. ஒரு முற்றம், எதிரெதிரே இரு தொப்பிக்காரர்கள், நடுவே உலாவும் ஒரு சாமுராய், கிணற்றருகே ஒரு சாதாரணக் காவலன். “பெரியவனை முதல்ல முடிச்சிட்டா மீதி லேசு, மாமா” என்றான் அக்கா மகன். முகெனை உள்ளே அனுப்பினான். வாளும் வாளும் உரசிக்கொண்டிருக்கும்போதே தொப்பிக்காரன் ஒருவன் பார்த்துவிட்டான். எச்சரிக்கை ஒலித்து, பக்கத்து வீட்டிலிருந்து புதிய காவலர்கள் வந்து குவிந்தார்கள். ஏழு முறை சேவிலிருந்து (ஆட்டத்தைச் சேமித்து வைத்த இடத்திலிருந்து) மீட்டு மீட்டு ஆடினான். கடைசியாகச் சேவ் செய்து ஒரு நிமிடம் தாண்டிவிட்டது என்று திரையின் மேலே நேரம் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அவன் கை தானாகச் சேவ் பொத்தானுக்குப் போகும், ஒருமுறை எச்சரிக்கை ஒலிக்கும்போதே சேவ் செய்துவிட்டு அதற்கும் என்னைத்தான் முறைத்தான்.

எட்டாவது முறை வரிசையை மாற்றினோம். கிணற்றடிக் காவலனை யூகி சீழ்க்கையால் வெளியே இழுத்தாள். சாமுராய் முதுகைக் காட்டித் திரும்பி நடந்த இடைவெளியில், ஹயாட்டோவின் ஷுரிகெனும் யூகியின் கத்தியும் ஷேடோ மோடில் ஒன்றாகப் பாய்ந்தன. இரு உடல்களில் ஒன்றை யூகி தரையோடு இழுத்துப் போவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சாமுராய் திரும்பி வந்தபோது முற்றம் காலியாக இருந்தது, புதருக்குள் முகென் மட்டும் காத்திருந்தான். “இப்ப மெதுவாவே சண்டை போடலாம், மாமா, பாக்க ஆளில்ல” என்று அவனே சொன்னான்.