வகுப்பு விழா கேக்: பல வருடம் உழைத்த சாமான்களும் பரணேறியவையும்

வீட்டுப் பிறந்தநாளுக்குக் கேக் செய்வது வேறு, வகுப்பு விழாவுக்குச் செய்வது வேறு. வகுப்பில் டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டே சட்டென்று முப்பது துண்டு போட்டாக வேண்டும். ஒரு துண்டில் டைனோசர் தலை, பக்கத்துத் துண்டில் வெறும் கிரீம் என்றால் அங்கேயே சண்டை. தீம் எதுவானாலும் சரி, அது சமமாகத் துண்டு போடும்படி இருக்க வேண்டும் என்பது வருடக்கணக்கில் செய்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம். என்னிடம் இருக்கும் சாமான்களையும் அதை வைத்தே எடை போடுகிறேன்.

முதல் இடம் 9×13 அங்குல செவ்வக டின்னுக்கு. வெளிர் நிற அலுமினியம், 2 அங்குல உயரம், மூடியோடு வந்தது. இரண்டு 8 அங்குல வட்ட டின்னுக்கான மாவு இதில் அடங்கிவிடும். நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் ஐந்து என்று வெட்டினால் முப்பது துண்டு. டின்னிலேயே வைத்து மேலே மட்டும் கிரீம் பூசினால் போதும், பக்கங்களைச் சமன் செய்யும் வேலையே இல்லை. மூடி இருப்பதால் வண்டியில் கொண்டுபோகும்போதும் கவலை கிடையாது. இத்தனை வருடத்தில் அதன் மூலைகள் கொஞ்சம் நசுங்கியிருக்கின்றன, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர், விலங்கு வடிவ டின். கடையில் பார்க்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் காது, வால் போன்ற மெல்லிய இடங்கள் கருகத் தொடங்கும்போது நடு வயிறு இன்னும் ஈரமாக இருக்கும். கறுப்புப் பூச்சு வேறு, ஓரம் இன்னும் சீக்கிரம் சிவந்துவிடும். வெப்பத்தைக் குறைத்து, காதுப் பக்கம் ஃபாயில் சுற்றி எப்படியோ சமாளிக்கலாம். ஆனால் அடுத்த வருடம் பிள்ளை விண்வெளி வேண்டும் என்று நிற்கும்போது அந்த முயல் டின்னை வைத்து என்ன செய்வது? பரண்தான். கேக்கைச் சுழற்றிக்கொண்டே கிரீம் பூச எல்லாரும் புகழும் சுழலும் மேடையும் அப்படியே: வட்டக் கேக்குக்கு அருமை, செவ்வகத்துக்கு அதில் வேலையே இல்லை.

நிறங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரவ நிறம் அழுத்தமாக வர நிறைய ஊற்ற வேண்டியிருக்கும், பட்டர்கிரீம் (வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த கிரீம்) இளகிவிடும். ஜெல் நிறம் ஒரு சின்ன பாட்டில் வருடக்கணக்கில் வருகிறது. டப்பாவில் வருவதைவிடச் சொட்டு விடும் பாட்டில் மேல். பல்குச்சியை விட்டுவிட்டு எடுத்தால் டப்பாவுக்குள் கிரீம் சேர்ந்துகொள்ளும். நிறம் கலந்தவுடன் வெளிறித்தான் தெரியும், சில மணி நேரத்தில் தானாக அழுத்தமாகும். அதனால் முந்தைய இரவே கலந்து வைப்பேன். சிவப்பை அள்ளிப் போட்டால் கசக்கும். கறுப்பு வேண்டுமென்றால் கோகோ கலந்த கிரீமில் தொடங்குங்கள், குறைந்த நிறத்திலேயே வந்துவிடும். வெண்ணெயின் மஞ்சளால் நீலம் பச்சைப் பக்கம் சாய்வதுதான் பெரிய தொல்லை. நீலம் சேர்க்கும் முன் பல்குச்சி நுனியளவு ஊதா போட்டுக் கலக்கிப் பாருங்கள்: மஞ்சள் அடங்கி, கிரீம் வெள்ளைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கடல் தீமுக்கு இது பெரிய உதவி.

லேபிளையும் படிக்க வேண்டும். டார்ட்ராசின் என்ற மஞ்சள் உள்ளிட்ட ஆறு செயற்கை நிறங்களில் எது சேர்ந்திருந்தாலும், அது பிள்ளைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. மினுமினுப்புத் தூளில் இன்னும் உஷாராக இருங்கள். ‘நச்சற்றது’ என்று போட்டிருந்தால் அது சாப்பிடுவதற்கானது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2018இல் இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவை நான் வாங்குவதில்லை.

கேக் முழுவதும் ஃபாண்டன்ட் (மாவுபோல் பிசைந்து தேய்க்கும் சர்க்கரைக் கலவை) போர்த்துவதை விட்டுவிட்டேன். பிள்ளைகள் அதை உரித்துத் தட்டோரம் வைத்துவிடுகிறார்கள். ஆனால் சின்ன உருவங்களுக்கு அதற்கு ஈடில்லை. 250 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு ஒரு தேக்கரண்டி சிஎம்சி (உணவில் சேர்க்கும் ஒரு வகைக் கோந்து) பவுடர் பிசைந்தால் நன்றாக இறுகும், சில நாள் முன்பே செய்து வைக்கலாம். கையளவு சிலிக்கோன் அச்சில் மீன், நட்சத்திரம், இலை என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று. அச்சில் ஒட்டிக்கொண்டால் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, பின்பக்கமாக மடக்கினால் வந்துவிடும். செய்த உருவங்களை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும். பெரும்பாலான மார்ஷ்மெல்லோவிலும் சில ஃபாண்டன்ட்டிலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு, சைவம் சாப்பிடும் பிள்ளைகளுக்காக அதையும் பார்க்க வேண்டும். முட்டை, கொட்டை ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா என்று டீச்சரிடம் முன்கூட்டியே கேட்பது தனி.

படம் அச்சடித்த ஐசிங் தாள் (சாப்பிடக்கூடிய சர்க்கரைத் தாள்) பட்டர்கிரீம் மேல் அழகாகப் படியும். விப்பிங் கிரீம் மேல் வைத்தால் நிறம் கசியும்.

கிரீம் பிழியும் பையின் முனையில் மாட்டும் நாசில்களில் அடிக்கடி கைக்கு வருவது இரண்டுதான். 233ஆம் எண் பல துளை நாசில்: புல், விலங்கு ரோமம் எல்லாம் அதிலேயே. எழுத்துக்கு 2ஆம் எண். துளை பெரிதான 3இல் தமிழ் எழுதினால் ‘ணை’, ‘ஞ’ எல்லாம் சுழி அடைத்துக்கொள்ளும். மறுபடி பயன்படுத்தும் துணிப் பைகளில் எத்தனை கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கிறது. நிறம் பல வேண்டியிருக்கும் நாளில் தூக்கிப்போடும் பைதான் வசதி.

இப்போதெல்லாம் கேக்கை வீட்டிலேயே வெட்டி அனுப்புகிறேன். கிரீம் பூசியதும் ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் இறுகவிட்டு, கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துத் துடைத்து வெட்டினால் கோடு சுத்தமாக விழும். உருவங்களைத் தனி டப்பாவில் கொடுத்துவிட வேண்டும், முன்பே வைத்தால் கிரீமின் ஈரம் ஏறி இளகும். துண்டுக்கு ஒன்றாக வைக்கும் வேலையை வகுப்பில் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்.